அன்னமயில் வாசலுக்கு வந்த நாலாம் நம்பர் பாதை

மேலக்கொம்பை தேசியப் பூங்காவுல மொத்தம் அஞ்சு நடைபாதை. அதுல நாலாம் நம்பர் பாதை போன பொரட்டாசியில ஒரு செவ்வாக்கெழம விடியக் காலம்பற எந்திரிச்சு, மலைய விட்டு எறங்கி, பஸ் ஸ்டாண்டு தாண்டி, ரேசன் கடை தாண்டி, பூண்டு காயப்போட்ட களத்தை மிதிக்காம மருவாதியா சுத்தி வந்து, வாட்சர் ஒச்சுக்காளை வீட்டு வாசல்ல படுத்துக்கிருச்சு.

அவரு சம்சாரம் அன்னமயிலு பல்லு வெளக்கிட்டுத் துப்பத்தான் கதவத் தொறந்தா. துப்பிட்டா. அப்புறந்தான் கவனிச்சா, துப்புன எடம் நேத்து வரைக்கும் ஏழாயிரத்து ஐநூறு அடி ஒசரத்துல இருந்த எடம்னு. வாசப்படிக்குக் கீழ ஒத்தையடியா செம்மண்ணு, ரெண்டு ஓரத்துலயும் ஒறபனி பூத்த புல்லு, சுருளியக்கா வீட்டு காம்பவுண்டுக்கும் இவ வீட்டு கக்கூசு செவுத்துக்கும் நடுவுல இருக்குற மூணடி சந்துக்குள்ள பாதை போயி, வளைஞ்சு, ஏறி, மேகத்துக்குள்ள சொருகிக்கிட்டு நிக்குது. சந்து வாயில ஒரு வரையாடு நின்னு இவளையே பாத்துச்சு. "என்னத்தப் பாக்குற?"ன்னு கேட்டுட்டு கதவச் சாத்துனா.

அவளுக்கு ஆச்சரியமெல்லாம் இல்ல. ஆத்திரந்தான். முப்பத்தோரு வருசமா இந்த மனுசன தெனம் விடியக்கால இழுத்துக்கிட்டுப் போனவ, இப்ப அவரு படுத்த படுக்கையா கெடக்கையில வீட்டுக்கே வந்துட்டா பாரு, சக்களத்தி!

ஒச்சுக்காளை நாலாம் நம்பரோட வாட்சரு. இந்தப் பூங்காவுல பாதைக்கு ஒரு வாட்சரு, வாட்சருக்கு ஒரு மொத நடை. ராத்திரி பூரா சிலந்திக பாதைக்குக் குறுக்க நூலு கட்டி வச்சிருக்கும். டூரிஸ்ட்டு வர்றதுக்கு முந்தி வாட்சரு ஒரு கம்பப் புடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் தனியா நடந்து, அத்தனை நூலையும் மூஞ்சியிலயும் நெஞ்சுலயும் வாங்கி அறுத்துட்டு வரணும், பின்னாடி வர்றவக மூஞ்சி சுத்தமா இருக்கணும்ல. அதை முடிச்சிட்டு ஒம்பது மணிக்கு டிக்கெட் கவுண்டர் பக்கத்துல வந்து நிப்பாரு. வர்றவனுக்கு எந்தப் பாதைக்குப் போறதுன்னு தெரியாது, போன்ல பாத்த போட்டோ பூராவும் ஒரே நாள்ல வேணும்பான். கவுண்டருக்கு ஏறப் பன்னெண்டு படி. ஒச்சுக்காளை மேல நின்னுக்கிட்டு, "எந்த ஊரு? என்ன சாப்ட்டீக? பஸ்சுல சன்னலோரம் கெடச்சுச்சா?"ன்னு பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பாரு, ஏறி வர்றவகளோட பதிலு எந்தப் படியில ஒடியுதோ அதை வச்சுப் பாதையச் சொல்லிருவாரு. நாலாம் படியில ஒடிஞ்சா ஒண்ணாம் நம்பரு, ஏரியச் சுத்தி அரைமணி நேரம். ஏழுல ஒடிஞ்சா ரெண்டு, அருவிக்கு. பத்து தாண்டுனா மூணு, சோலைக்குள்ள ஒரு வட்டம். ஒடியவே இல்லைன்னா நாலு, அதுக்கு அவரே முன்னாடி நடந்து கூட்டிட்டுப் போவாரு: புல்லுமேடு வழியா நாலரை கிலோமீட்டர் ஏறி காத்துமுனை, அங்கிட்டுப் பாதையும் முடிஞ்சு மலையும் முடிஞ்சு வெறும் வானந்தான். அஞ்சாம் நம்பரு பெரிய மனுசங்க வந்தாத் தொறக்குறது, அதை விட்ருங்க.

இப்பிடி ஊரு ஒலகத்து மூச்செல்லாம் அளந்த மனுசனுக்கு, முப்பத்தோரு வருசம் காட்டுத்தீ அணைக்கப் போயிக் குடிச்ச பொகை நெஞ்சுக்குள்ள கூடு கட்டிருச்சு. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் ஒம்பது எட்டு, அதுல மூணு தடவ உக்காருவாரு. வத்தலகுண்டு டாக்டரு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்கங்கம்மா"ன்னாரு, அவ்வளவுதான். ஆனியில படுத்தவரு. நாலு மாசமா நாலாம் நம்பர்ல மொத நடை போக ஆளில்ல. பாதை பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு எறங்கி வந்துருச்சு. இதுல என்ன அதிசயம், ஆளு வரலைன்னா தேடிக்கிட்டு வர்றதுதான.

மொத நாளு தெருவே கூடுச்சு. ரேஞ்சர் வந்து டேப்பு புடிச்சு அளந்தாரு. "அம்மா, பாதை டிப்பார்ட்மெண்டு சொத்து, வாசல் பஞ்சாயத்துச் சொத்து, எனக்கு எந்த பாரத்துல எழுதுறதுன்னே தெரியல"ன்னாரு. அன்னமயிலு, "நான் என்ன சார், வெத்தல பாக்கு வச்சா கூப்ட்டேன்? கூட்டிட்டுப் போங்க"ன்னா. கூட்டிட்டுப் போகவும் பாத்தாக. காலேஜ் பசங்க நாப்பது பேர ஒரே நேரத்துல மேல பாத்து நடக்க விட்டா, கூடவே பாதையும் போயிரும்னு ரேஞ்சர் ஒரு கணக்குப் போட்டாரு. பசங்க போயிட்டுப் பத்திரமாத் திரும்பி வந்தாக, போட்டோ எடுத்துக்கிட்டாக, பாதை அசையல.

ஒரு வாரத்துல எல்லாருக்கும் பழகிப்போச்சு. கவுண்டர்ல டிக்கெட் கிழிக்கிற பிரிட்டோ, பாலிடெக்னிக்க பாதியில விட்டவன், நாலாம் நம்பரு கேக்குறவககிட்ட, "சார், அது வீட்டுக்குப் போயிருக்கு, ஷேர் ஆட்டோவுல ஏறுங்க, ஒச்சண்ணன் வாசல்ல எறக்கி விடுவாக, செருப்பக் கழட்டவேண்டாம்"னு அனுப்பிவிட்டான். டீக்கடைக்காரரு கடையத் தூக்கிக்கிட்டு சந்து மொனைக்கு வந்தாரு. பால்காரரு எக்ஸெல் வண்டிய பாதை மேலயே நிப்பாட்டிட்டு, வந்து பாத்தா சீட்டுல பனி ஒறைஞ்சு கெடக்க, வழிச்சுப் போட்டுட்டு ஏறிப்போனாரு. சுருளியக்கா வீட்டு வெள்ளாடுக காலையில சந்துக்குள்ள மேயப்போயி சாயங்காலம் முதுகுல மேகத்தோட திரும்புச்சுக. புள்ளைக காலுல அட்டை கடிச்சு, அதுக்கு வாசல் வாசலுக்கு உப்பு டப்பா வச்சாக. தெருவுல இத்தனையும் நடக்குது, நடந்ததுல ஒரு வார்த்தை ஒச்சுக்காளை காதுக்குப் போகல.

அதுதான் அன்னமயிலு போட்ட சட்டம். வந்த அன்னைக்கே தெருப் பொம்பளைகளக் கூட்டி வச்சு, "இங்க பாருங்கடி, அவருக்குத் தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாரு. போனா அதோட சரி. தெரியாட்டி இவளுக்கு எத்தன நாளைக்குக் காத்துக் கெடக்க முடியும்? சலிச்சு ஓடிருவா"ன்னா. சுருளியக்கா, "வெளக்கமாத்தால ரெண்டு போட்டுப் பாப்பமா?"ன்னு கேட்டா. போட்டும் பாத்தாக. பாதை சுத்தமாச்சு, அவ்வளவுதான்.

சன்னலு ரெண்டையும் ஆணி அடிச்சு மூடியாச்சு. கதவு எந்நேரமும் தாப்பா. உள்ள அவரு, "அன்னம், வாசல்ல யாரு?"ம்பாரு. "பால்காரரு"ம்பா. கொஞ்ச நேரங்கழிச்சு, "என்ன அன்னம், பனி வாசம் அடிக்குது?"ம்பாரு. "பால்காரரு வண்டியில ஐஸ் கொண்டாறாரு"ம்பா. "பால்காரரு இங்கயேதான் கெடக்காரோ?"ம்பாரு. "ஆமா, அவரு பொண்டாட்டி வெரட்டி விட்டுட்டாளாம்"பா. அவரு சிரிக்கப் பாப்பாரு, சிரிப்பு இருமலாகி, இருமல் முடிய அரைமணி நேரமாகும், அதுக்குள்ள இவ ஒரு சொம்பு வெந்நிய மூணு தடவ சூடு பண்ணிருவா.

ஐப்பசி பொறந்துச்சு. பாதை சலிக்கல. ஆனா எளைக்க ஆரம்பிச்சுச்சு. மொத நடை போகாத பாதைல்ல, போற டூரிஸ்ட்டு எல்லாம் மூஞ்சி நெறைய நூலாம்படையோட திரும்பி வந்து அன்னமயிலு கொழாயில கழுவிட்டுப் போனாக. ரெண்டு பக்கத்துப் புல்லும் உள்ள சரிஞ்சு, ரெண்டடிப் பாதை ஒண்ணரை அடியாச்சு, சில எடத்துல ஒரு ஆளு காலு வைக்கிற அகலந்தான். உள்ள அவரும் அப்பிடித்தான், நாளுக்கு ஒரு பிடி கொறைஞ்சுக்கிட்டே வந்தாரு.

அன்னமயிலு ஒரு முடிவுக்கு வந்தா. நாப்பது பேரு நடந்து அசையாத பாதை, மொத நடை நடக்குறவகளுக்குக் கட்டுப்படும்ல? நம்ம போயி, இழுத்துக்கிட்டுப் போயி, மேலயே விட்டுட்டு வந்துருவோம், பூனைக்குட்டியச் சாக்குல கட்டி ஊரு தாண்டி விட்டுட்டு வர்ற மாதிரி. ஆனா ஒரு வில்லங்கம் இருந்துச்சு. வாட்சருக வீட்டு ஆளுகளப் பாதையில கால் வைக்க விடமாட்டாக. மொத நடை போறவனுக்கு வீட்டு நெனப்பு வந்தா கால் பெசகிரும்னு அவகளுக்குள்ள ஒரு பேச்சு. அன்னமயிலு கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து அஞ்சு பாதையில ஒண்ணுல கூட நடந்ததில்ல. எங்கிட்டோ இருந்து ரயிலேறி பஸ்சேறி வர்றவக எல்லாம் அவ புருசன் பின்னாடி நடந்து, "ஆகா, ஓகோ"ன்னு பாத்துட்டுப் போனத, பக்கத்துல இருந்த அவ பாத்ததில்ல. அந்தக் காந்தலுந்தான் உள்ள இருந்துச்சு.

சுருளியக்காள அவருக்குத் தொணைக்கு உக்கார வச்சிட்டு, அவரோட கம்ப எடுத்துக்கிட்டு, பளபளன்னு விடியையில சந்துக்குள்ள நொழைஞ்சா. மொத நூலு மூக்குலயே ஒட்டுச்சு. "சீ, போடி"ன்னா. அம்பத்திநாலு வயசு, முட்டு வலி, ரப்பர் செருப்பு. ஏறுனா, நின்னா, வைதா, ஏறுனா. புல்லுமேட்டுல வெயிலு மெல்ல எறங்கி வர்றதையும், கடமான் ஒண்ணு வாயில புல்லோட மறந்துபோயி நிக்கிறதையும், பள்ளத்துக்குள்ள மேகம் பால் பொங்குற மாதிரி பொங்கி விளிம்புல நின்னுக்கிறதையும் பாத்தா. பாக்கப் பாக்க வயித்தெரிச்சலு. "இதெல்லாம் தனியாத் தின்னுக்கிட்டு இருந்திருக்காரு மனுசன்!"

அவ நடந்த நடையில, ஒம்பது மணிக்கு மேல கெளம்புன டூரிஸ்ட்டே வந்து புடிச்சிருச்சு. ராஜபாளையத்து ஜமீலா டீச்சரு, ரிட்டயர் ஆனவுக, வருசம் தவறாம வந்து நாலாம் நம்பர்ல நடக்குறவுக. இவ யாருன்னு அவுகளுக்குத் தெரியாது.

"மூஞ்சியெல்லாம் நூலும்மா, இந்தாங்க கர்ச்சீப்பு. நீங்கதான் முன்னாடி போனீங்களா? அதான் எனக்கு ஒண்ணும் ஒட்டல" டீச்சர் மூச்சு வாங்காமப் பேசுனாக. "இது என்ன எடம் தெரியுமா? அன்னமயிலு கோவிச்ச வளைவு."

அன்னமயிலு கம்ப ஊணி நின்னுட்டா. "என்ன வளைவு?"

"அன்னமயிலு கோவிச்ச வளைவு. கைடு ஒச்சண்ணன் வச்ச பேரு. அந்தா அந்தப் பாறை மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்குதுல்ல? கல்யாணமான புதுசுல அவர் சம்சாரம் இப்பிடித்தான் மூணு நாளு நின்னாங்களாம். தீபாவளிக்குப் பச்சை சேலை கேட்டதுக்கு ஊதா வாங்கிட்டு வந்துட்டாராம்."

"நாலு நாளு" அன்னமயிலு மெல்லச் சொன்னா. டீச்சருக்குக் கேக்கல, காத்து.

"இதுக்கு மேல வர்றது அன்னமயிலு சட்டி ஒடச்ச பள்ளம். அதுக்கங்கிட்டு, காலையில மொத வெயிலு விழுகுற சரிவு இருக்கு பாருங்க, அது அன்னமயிலு சிரிச்ச சரிவு. அப்புறம் ஒரு சின்ன ஊத்து வரும், அங்க மட்டும் அவரு வெளையாட்டுப் பேச்செல்லாம் பேசமாட்டாரு. அவங்களுக்கு ஒரு கொழந்தை பொறந்து ஒம்பது நாள்ல போயிருச்சாம். 'அன்னமயிலு இங்க உக்காந்திருக்கு, சத்தம் போடாம வாங்க'ம்பாரு. நாங்க அத்தனை பேரும் பூனை மாதிரி நடப்போம்."

காத்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அன்னமயிலு கர்ச்சீப்பால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே கேட்டா: "நீங்க அவளப் பாத்திருக்கீகளா டீச்சர்? அந்த அன்னமயில?"

"எங்கம்மா? வீட்டு ஆளுகளக் கூட்டிட்டு வரக்கூடாதாமே. ஆனா எனக்கு அவங்கள நல்லாத் தெரியும். இந்தப் பாதையில நடந்த எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்ல சண்டை வந்தா நானே சொல்லுவேன், நான் இப்ப கோவிச்ச வளைவுல நிக்கிறேன்னு."

ஊத்துகிட்ட வந்ததும் டீச்சர் செருப்புச் சத்தம் கேக்காம நுனிக்காலுல நடந்தாக. அன்னமயிலுக்கு அதுக்கு மேல நடக்க முடியல. ஈரக் கல்லுல உக்காந்துட்டா. முப்பத்தோரு வருசமா அவ எங்க உக்காந்திருக்கிறதா ஊரு ஒலகத்துக்குச் சொல்லப்பட்டுச்சோ, அங்கயே.

திரும்பி எறங்கையில பாத்தா, நடுப்பாதையிலயே புல்லு வந்து மூடிருச்சு. காலையில அவ மிதிச்ச தடம் மட்டும் நூலாட்டம் தெரியுது, கம்பால ஒதுக்கி ஒதுக்கித்தான் எறங்க வேண்டியிருந்துச்சு. பாதை சாகக் கெடக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு உசுரு, இந்தப் பக்கம் ஒரு உசுரு, ரெண்டும் மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்க, நடுவுல தாப்பாளாட்டம் நாந்தான் கெடக்குறேன்னு நெனச்சா.

வீட்டுக்குள்ள வந்தா. சுருளியக்காள வெளிய அனுப்புனா. சன்னல் ஆணியப் புடுங்குனா. புடுங்குற சத்தத்துக்கு அவரு கண்ணத் தொறந்தாரு. அவ தலமுடியில நூலாம்படை தொங்குறதப் பாத்தாரு.

"எதுவரைக்கும் போன?"ன்னாரு.

"ஊத்து வரைக்கும்."

அவ கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்தா. "வாசல்ல யாரு வந்திருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?"

"வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டனே. நீ பால்காரன்ன. சரி, பால்காரனாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கிக்கிட்டாரு. "நீ அனுப்பாம எப்பிடிப் போக?"

அன்னமயிலு அழுகல. அழுதா பேச முடியாதுன்னு தெரியும், பேச வேண்டியது இருந்துச்சு. வெலை பேசுற மாதிரி பேசுனா. "போறதுதான் போறீக, ஒண்ணாம் நம்பரு போங்களேன். ஏரியச் சுத்தி அரைமணி நேரம். பெஞ்சு போட்டிருக்காக. நான் சோத்த வடிச்சு எறக்குறதுக்குள்ள திரும்பிரலாம்."

"அது சுத்திக் கூட்டியாந்து விட்டுரும் அன்னம்."

"அதுக்குத்தான சொல்றேன்."

"மூணும் அப்பிடித்தான், வட்டம்." அவரு அவ தலையில இருந்த நூல ஒண்ணொண்ணா எடுத்து விரலுல சுத்துனாரு. கவுண்டர் படியில நிக்கிறவுகளுக்குச் சொல்ற அதே கொரலுதான், அதே பொறுமைதான். "எனக்கு மூச்சு ஒரு வழிக்குத்தான் இருக்கு."

"அப்ப நானும் கூட வர்றேன்."

"நீ என்னிக்கு வராம இருந்த?"

வெந்நி வச்சுக் குளிப்பாட்டுனா. காக்கிச் சட்டைய மாட்டிவிட்டா, அது அவரு மேல ஹேங்கர்ல தொங்குற மாதிரி தொங்குச்சு. கம்பக் கையில குடுத்தா. ஒம்பது எட்டுக்கு மூணு தடவ உக்காருற மனுசன் கட்டில்லருந்து வாசல் வரைக்கும் உக்காராம நடந்து வந்தாரு.

தெரு பூரா வந்து நின்னுச்சு. டீக்கடைக்காரரு அடுப்ப அணைச்சாரு. பிரிட்டோ கவுண்டரச் சாத்திட்டு ஓடி வந்தான், வழக்கமா ஒரு நக்கல் இல்லாம வாயத் தொறக்காத பய, "ஒச்சண்ணே, தண்ணி பாட்டில் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டான். கேட்டுட்டு அழுதுட்டான். ரேஞ்சர் தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம நின்னாரு.

ஒச்சுக்காளை படி எறங்கி மொத எட்டு வச்சாரு. சரிஞ்சு கெடந்த புல்லு ரெண்டு பக்கமும் விலகிக்கிச்சு. ரெண்டாவது எட்டுக்குப் பாதை ரெண்டடி ஆச்சு. மூஞ்சியில நூலு வாங்கி, நெஞ்சுல நூலு வாங்கி, கம்பால அறுத்துக்கிட்டே சந்துக்குள்ள போனாரு. அவரு போகப் போக, தெருவுக்குள்ள கெடந்த பனியும் புல்லும் செம்மண்ணும், அதும்மேல மறந்து நிப்பாட்டியிருந்த பால்காரரு எக்ஸெல்லச் சாய்க்காம கீழயிருந்து மெல்ல உருவிக்கிட்டு, அவரு பின்னாடியே நகர ஆரம்பிச்சுச்சு. வெள்ளாடுக வழி விட்டுச்சுக. சந்து முக்கு வரைக்கும் போன மனுசன் அங்க நின்னுட்டாரு. பாதையும் நின்னுருச்சு. நகரப் பாக்குது, நகர முடியல, இழுபட்ட கயிறாட்டம் வெடவெடன்னு நடுங்குது.

எல்லாரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாக. சுருளியக்காதான் கிட்ட வந்து, காதோட காதா, "அடியே அன்னம், காலு"ன்னா.

அன்னமயிலு குனிஞ்சு பாத்தா. அவ வலது காலு பாதையோட கடைசி சாண் மண்ணுல ஊணியிருந்துச்சு. தெரியாம வச்சாளா, தெரிஞ்சேதான் வச்சாளான்னு மேலக்கொம்பையில இன்னைக்கும் ரெண்டு கட்சியாப் பேசிக்கிறாக. அவ ஒருத்தருக்கும் சொன்னதில்ல. உள்ளங்காலுக்குக் கீழ பனி சில்லுன்னு இருந்துச்சு, அந்தப் பனிக்கும் கீழ ஏதோ ஒண்ணு, தூக்கத்துல பொரளப் பாக்குற புள்ளையாட்டம், மெதுவா இழுத்துக்கிட்டே இருந்துச்சு. சந்து முக்குல அவரு திரும்பல. கூப்பிடல. "காலை எடு"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. முதுகக் காட்டிக்கிட்டு, கம்ப ஊணி, காத்துக்கிட்டு நின்னாரு, நிக்கிற ஒவ்வொரு நொடிக்கும் அந்த ஒரு வழி மூச்சுல கொஞ்சம் கொஞ்சமாக் கழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, காக்கிச் சட்டையோட முதுகு ஏறி எறங்குறது தெருவோட இந்தக் கடைசி வரைக்கும் தெரிஞ்சுச்சு.

அன்னமயிலு காலை எடுத்தா.